ஆங்கோபெத்தாலஜி ஃபெலோஷிப்: எம்.டி. முடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெத்தாலஜி எம்.டி. தேர்வு முடிவு வந்த வாரத்திலிருந்து என் போன் ஓயாது. "அக்கா, ஃபெலோஷிப் போகட்டுமா, இல்லை பேசாமல் சீனியர் ரெசிடென்ட்டாகச் சேர்ந்துவிடட்டுமா?" என்று ஆரம்பித்து, ஹாஸ்டலில் தண்ணீர் வருமா என்பது வரைக்கும் கேட்பார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். ஆங்கோபெத்தாலஜி என்றால், உடலிலிருந்து எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா, எந்த வகை என்று சொல்லும் துறை. ஃபெலோஷிப் என்பது எம்.டி.க்குப் பிறகு அதில் எடுக்கும் தனிப்பயிற்சி. நான் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ஃபெலோவாக இருந்தவள். இப்போது தென்மாவட்ட ஊர் ஒன்றில் பயாப்ஸி பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் பாசமும் கொஞ்சம் கசப்பும் கலந்துதான் இருக்கும்.

எம்.டி.யிலேயே புற்றுநோயெல்லாம் படித்தாயிற்றே, மறுபடி எதற்கு?

படித்தோம், சரி. பார்த்தோமா? எம்.டி.யின் மூன்று வருடத்தில் ரத்தப் பரிசோதனை, ரத்த வங்கி, எஃப்.என்.ஏ.சி. என்ற ஊசிப் பரிசோதனை, பிரேதப் பரிசோதனை, எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு வகுப்பு, தீசிஸ் எல்லாம் போக மீந்த நேரத்தில்தான் கட்டிகள் வரும். குடல்வால், பித்தப்பை, கர்ப்பப்பை தட்டுத் தட்டாக வரும். ஈவிங் சர்கோமா என்ற அபூர்வமான எலும்புப் புற்று மூன்று வருடத்தில் ஒன்றிரண்டு வந்தால் அதிர்ஷ்டம். வந்த அன்று நீங்கள் ரத்த வங்கிப் போஸ்டிங்கில் இருப்பீர்கள்.

புத்தகத்தில் இருக்கிற படம் கல்யாண ஃபோட்டோ மாதிரி. நமக்கு வருவதோ ஊசியில் நசுங்கிப்போன துணுக்கு. ஒரு கட்டியை முதல் தடவை பார்க்கும்போது பெயர் மட்டும் தெரியும். பத்தாவது தடவையில் அதன் சேட்டைகள் தெரியும். நாற்பதாவது தடவையில்தான் "இது அது இல்லை" என்று சொல்கிற துணிச்சல் வரும். அந்த நாற்பதைச் சில மாதங்களில் காட்டக்கூடிய இடம் புற்றுநோய் மருத்துவமனைதான்.

இன்னொன்று, ரிப்போர்ட்டின் கனம் கூடிவிட்டது. ஒரு காலத்தில் மார்பகக் கட்டிக்கு "இன்வேசிவ் டக்டல் கார்சினோமா" என்று புற்றின் பெயரை ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. இன்று கட்டியின் செல்களில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற மூன்று புரதங்கள் இருக்கின்றனவா என்று தெரியாமல் மருந்தை முடிவு செய்ய மாட்டார்கள். ஹெர்2 நெகட்டிவ் என்று ஒதுக்கி வைத்தவர்களிலேயே 'ஹெர்2 லோ' என்று ஒரு பகுதியினருக்கு டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்து பலன் தருகிறது என்பது 2022-இல் தெரியவந்தது. அதுவரை ஹெர்2 சாயம் ஏறிய அளவுக்குப் போடும் ஸ்கோர் 0-வா 1+ஆ என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த வித்தியாசத்தில்கூட மருந்து கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கலாம். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவது நாம்தான்.

ஃபெலோஷிப்புக்கும் டி.எம்.முக்கும் என்ன வித்தியாசம்?

டி.எம். ஆங்கோபெத்தாலஜி எம்.டி.க்கு மேல் மூன்று வருடப் பட்டம். பெரும்பாலும் நீட் எஸ்.எஸ். என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். ரத்த நோய்களுக்கான டி.எம். ஹெமடோபெத்தாலஜி தனி. ஃபெலோஷிப் பெரும்பாலும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ. நிறுவனமோ அது சார்ந்த பல்கலைக்கழகமோ சான்றிதழ் தரும், தேர்வும் அவர்களே நடத்துவார்கள்.

மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் பதவி ஏறுவதே நோக்கம் என்றால் பட்டத்துக்கு எடை அதிகம். கண்ணுக்கும் கைக்கும் பயிற்சிதான் வேண்டும் என்றால் நல்ல ஃபெலோஷிப் ஒரு வருடம் போதும். "நல்ல" என்று எதைச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

எங்கெங்கே இருக்கிறது?

எல்லோரும் முதலில் சொல்வது மும்பை பரேலில் உள்ள டாட்டா மெமோரியல். 1941 பிப்ரவரி 28-இல் திறந்தார்கள். 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அணுசக்திக்கும் என்ன சம்பந்தம் என்று என் மாமனார் இன்றைக்கும் கேட்பார். கதிர்வீச்சுதான் சம்பந்தம். நம் துறைக்காரர்களுக்கு அந்த இடம் இன்னொரு வகையிலும் முக்கியம். தொடக்க நாளிலிருந்தே அங்கே ஆய்வகத்தைக் கட்டி எழுப்பிய வி.ஆர். கானோல்கர் ஒரு பெத்தாலஜிஸ்ட். புகையிலைக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை அந்தக் காலத்திலேயே தேடிப் போனவர். பட்டம், ஃபெலோஷிப் எல்லாம் அங்கே ஹோமி பாபா தேசியக் கழகம் என்ற பல்கலைக்கழகத்தின் வழியாக வரும். நவி மும்பை கார்கர், வாராணசி, விசாகப்பட்டினம், குவாஹாட்டி என்று அதன் கிளைகளும் வளர்ந்துவிட்டன.

நம் பக்கத்தில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது. மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்து வளர்த்தார்கள். திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டர், பெங்களூரு கித்வாய் இரண்டும் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரும் தூரம். வேலூர் சி.எம்.சி. புற்றுநோய்க்கு மட்டுமான இடம் இல்லை, ஆனால் அங்கே வரும் பிளாக்குகளின் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகளின்) வகைக்கு ஈடு சொல்வது கஷ்டம். டெல்லி, கொல்கத்தா, சென்னையில் தனியார் புற்றுநோய் மருத்துவமனைகளும் ஃபெலோக்களை எடுக்கின்றன.

எந்த வருடம் எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பி ஒரு தங்கை போன வருடம் விண்ணப்பமே போடாமல் விட்டுவிட்டாள்.

சரி, ஓர் இடம் நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அங்கே இப்போது இருக்கிற ஃபெலோவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கன்சல்டன்ட் ஸ்லைடைப் பார்க்கும் முன்னால் நீ உன் முடிவை எழுத வேண்டுமா?"

"ஆமாம், சிஸ்டத்தில் டிராஃப்ட் ரிப்போர்ட் போட்டுவிட்டுத்தான் உட்காருவோம்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். "இல்லை, அவர்கள் பார்த்துச் சொல்வார்கள், நாங்கள் டைப் செய்வோம்" என்றால் அங்கே வருடத்துக்கு லட்சம் பயாப்ஸி வந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. மல்டிஹெட் மைக்ராஸ்கோப்பில் பத்துப் பேரில் ஒருவராக உட்கார்ந்து தலையாட்டுவது படம் பார்ப்பது மாதிரி. தன் முடிவை முதலில் எழுதி, அது தப்பாகி, ஏன் தப்பு என்று அதே நாளில் கேட்டுத் தெரிந்துகொள்வதில்தான் கண் பழகும்.

கட்டடம், ஸ்கேனர், பெயர் எல்லாம் இதற்கு அப்புறம்.

எந்தத் துணைப்பிரிவை எடுப்பது?

எந்த ஊரில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

தலை-கழுத்து நம் நாட்டின் சாபம். கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வரும் புற்றுநோயை இந்தியப் பெத்தாலஜிஸ்ட் பார்க்கிற அளவுக்கு மேல்நாட்டில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். புகையிலையும் பாக்கும் செய்த வேலை. கட்டி எளிது, ரிப்போர்ட் எளிதில்லை. 2018-இல் நடைமுறைக்கு வந்த ஏ.ஜே.சி.சி. என்ற அமெரிக்கக் குழுவின் புற்றுநோய் நிலை விதிகளின் எட்டாம் பதிப்பில் கட்டியின் அகலத்தோடு ஆழமும் சேர்ந்துவிட்டது. 2 செ.மீ.க்குள் இருக்கும் நாக்குக் கட்டி 5 மி.மீ.க்கு மேல் இறங்கினால் அதன் நிலை டி1-லிருந்து டி2 ஆகும் (எண் கூடினால் கட்டி முற்றியது). 3 செ.மீ. கட்டி 10 மி.மீ. தாண்டினால் டி3. ஆழத்தைக் கட்டியின் மேல்புறத்திலிருந்து அளக்கக் கூடாது. பக்கத்திலிருக்கும் நல்ல சவ்வின் அடிக்கோட்டை நீட்டி, அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டது போல நேராக அளக்க வேண்டும். கொத்தனாருக்குத் தெரிந்த இந்த விஷயம் எனக்குப் பிடிபட இரண்டு வாரம் ஆனது.

எலும்பும் மென்திசுவும் ஆசையைத் தூண்டும் பிரிவு. வருவது குறைவு, வகைகள் ஏகப்பட்டது. எக்ஸ்ரேயைப் பார்க்காமல் எலும்புக் கட்டிக்கு ரிப்போர்ட் போடாதே என்பது அங்கே முதல் நாள் பாடம். ராட்சத செல்கள் நிறைந்த துணுக்கு ஒன்றைப் பார்த்து 'ஜயன்ட் செல் டியூமர்' என்று எழுதிவிட்டு, அப்புறம் நோயாளியின் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருப்பது தெரிந்தால் அது கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி செய்த வேலை. மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

ஹெமடோபெத்தாலஜி தனி உலகம். நிணநீர்ப் புற்றான லிம்போமா, ரத்தப் புற்றான லுகேமியா, செல்களை மிஷினில் ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி. வேலை வாய்ப்பு நல்லது, ஆனால் ஃப்ளோ மிஷின் இல்லாத ஊருக்குத் திரும்பினால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். மார்பகம், ஜீரண மண்டலம், பெண்ணுறுப்புகள் மூன்றும் எந்த ஊரிலும் சோறு போடும். மூளைக்கட்டிகளை 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்திய விதத்தில் மரபணு இல்லாமல் பாதிப் பெயர்களை எழுதவே முடியாது. அதனால் பெரிய மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் அது.

மாவட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு என் சொந்த அபிப்ராயம்: ஒரே உறுப்பில் ஒடுங்க வேண்டாம், எல்லாப் பிரிவிலும் சுற்றவிடும் பொது ஆங்கோபெத்தாலஜியை எடுங்கள். என்னோடு இருந்தவர்களில் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிராஸிங் (அறுவையில் எடுத்த உறுப்பைப் பார்த்து, அளந்து, துண்டு போடும் வேலை) எல்லாம் நானே செய்ய வேண்டுமா? அதற்கு ஜூனியர்கள் இருப்பார்களே?

இருப்பார்கள். ஆனாலும் நீங்களே செய்யுங்கள்.

மைக்ராஸ்கோப்பில் நடக்கும் தவறுகளில் நிறையவற்றின் வேர் வெட்டும் மேஜையில் இருக்கும். முழு மார்பகத்தை அறுவை அரங்கிலிருந்து அப்படியே, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் வாளியில் போட்டு வெள்ளிக்கிழமை மாலை விட்டுவிட்டுப் போனால், திங்கட்கிழமை வெளிப்புறம் வெந்திருக்கும், நடுவில் கட்டி அழுகியிருக்கும். அந்தக் கட்டியில் ஹெர்2 போட்டால் வரும் பதிலை நம்பவே முடியாது. எடுத்த 1 மணி நேரத்துக்குள் துண்டு போட்டு ஃபார்மலினுக்குள் இறக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும். இதெல்லாம் வழிகாட்டி நெறிகளில் இருக்கிறது, எல்லோருக்கும் மனப்பாடம். எந்த வாளி எப்போது வந்தது என்று குறித்து வைக்கிற பழக்கம்தான் பல இடங்களில் இல்லை.

குடல் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கக் குறைந்தது 12 நிணக்கணுக்கள் வேண்டும். கொழுப்புக்குள் விரலால் தடவித் தடவித் தேட வேண்டும், பருப்பில் கல் பொறுக்குவது போல. ஏழு கிடைத்ததும் எழுந்து போனால், எட்டாவதில் இருந்த நோய் யாருக்கும் தெரியாமலே போகும். எலும்பை மெதுவாக்க அமிலத்தில் போட்டால் சீக்கிரம் வெட்டலாம், ஆனால் டி.என்.ஏ. கெட்டுவிடும், மரபணுச் சோதனைக்கு உதவாது. மரபணுச் சோதனை தேவைப்படலாம் என்றால் ஈ.டி.டி.ஏ. என்ற மெதுவான கரைசலில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

என் ஃபெலோஷிப்பின் முதல் மூன்று மாதம் கிராஸிங்கில்தான் போனது. அப்போது அழுகை வந்தது. இன்று என் ரிப்போர்ட்டை நான் நம்புகிறேன் என்றால் அந்த மூன்று மாதம்தான் காரணம்.

ஃபார்மலின் வாடையில் அவ்வளவு நேரம் நிற்பது ஆபத்தில்லையா? கர்ப்பமாக இருந்தால்?

ஆபத்துதான். ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. புற்றுநோயைக் கண்டுபிடிக்க நாம் அதையே சுவாசிப்பதில் ஒரு கிண்டல் இருக்கிறது. காற்று உறிஞ்சும் மேஜை இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். கண் எரிந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கர்ப்பமாக இருந்தால் கூச்சப்படாமல் எழுத்தில் கொடுத்து, அந்த மாதங்களில் சைன் அவுட்டுக்கோ (ரிப்போர்ட்டை முடித்துக் கையெழுத்திடும் வேலை), செல்களை மட்டும் பார்க்கும் சைட்டாலஜிக்கோ மாற்றிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் மாற்ற மாட்டார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் மல்டிஹெட்டில் கஷ்டமான கேஸ்கள். அப்புறம் முந்தைய நாள் வெட்டியவற்றின் ஸ்லைடுகள் தட்டுகளில் வரும். பார்த்து, டிராஃப்ட் போட்டு, மதியம் கன்சல்டன்டோடு சைன் அவுட். நடுவில் ஃபுரோசன் (அறுவை நடக்கும்போதே திசுவை உறைய வைத்துப் பார்ப்பது) மணி அடித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். சாயங்காலம் டியூமர் போர்டுக்கான (எல்லாத் துறை மருத்துவர்களும் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டம்) ஸ்லைடுகளை எடுத்து வைப்பது. ராத்திரி படிப்பு, தூக்கம் வந்தால் தூக்கம்.

பெரிய மையங்களில் இன்னொரு பெரிய வேலை ரிவ்யூ. நாடு முழுக்க இருந்து நோயாளிகள் தங்கள் ஸ்லைடையும் பிளாக்கையும் மஞ்சள் பையில் போட்டு, பெரியாஸ்பத்திரியில் ஒரு தடவை பார்க்கட்டும் என்று ரயிலேறி வருவார்கள். உள்ளூர் ரிப்போர்ட்டும் கூட இருக்கும். அதைப் படிக்காமல் முதலில் ஸ்லைடைப் பாருங்கள். பார்த்த பிறகு ரிப்போர்ட்டைப் பிரிப்பதில்தான் பாடம் இருக்கிறது. ஊர்க்காரர் தப்பாக எழுதியிருந்தால் சிரிக்க வேண்டாம். அவரிடம் ஐ.எச்.சி. (செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனை) இல்லை, எக்ஸ்ரே வரவில்லை, அந்த நாளில் இன்னும் எழுபது கேஸ் இருந்தது. இப்போது நானே அந்த ஊர்க்காரர்.

ஃபுரோசன் செக்‌ஷன் பயமாக இருக்கிறது.

பயம் இருக்க வேண்டியதுதான். நோயாளி மயக்கத்தில் படுத்திருக்க, சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, சுமார் 20 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். மைனஸ் 20 டிகிரி கிரையோஸ்டாட் என்ற உறைவெட்டு மிஷினில் உறைந்த திசு, மெழுகில் வெட்டியது போல அழகாக வராது. ஐஸ் படிகம் செல்லை ஊதிக் காட்டும், கொழுப்பு உறையவே மாட்டேன் என்கும்.

எதற்குப் ஃபுரோசன் கூடாது என்று தெரிந்துகொள்வது பாதிப் படிப்பு. தைராய்டில் தீங்கில்லாத ஃபாலிக்குலர் கட்டியா புற்றா என்பதை, கட்டியைச் சூழ்ந்த கூட்டின் சுற்றளவு முழுவதும் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு துண்டு உறைய வைத்துக் கேட்டால் பதில் இல்லை. லிம்போமாவின் வகை, வேண்டாம். மிகச் சிறிய துணுக்கு முழுவதையும் உறைய வைத்துவிட்டால் நாளைக்கு மெழுகுக்கு ஒன்றும் மிஞ்சாது. சினைப்பையில் சளி நிறைந்த பெரிய மியூசினஸ் கட்டி வந்தால், கெட்ட இடம் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். ஒன்றிரண்டு துண்டில் 'பார்டர்லைன்' என்று சொன்னது, பிறகு முழுதாக வெட்டும்போது கார்சினோமா ஆவது அரிதில்லை. அதைச் சர்ஜனிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும்: "பார்டர்லைனுக்குக் குறையாது, மேலே போகலாம்."

"டெஃபர்" (இப்போது முடியாது, மெழுகில் பார்த்துச் சொல்கிறேன்) என்ற சொல்லைக் குரல் நடுங்காமல் சொல்லப் பழகுங்கள். எதிர்முனையில் சர்ஜன் எரிந்து விழுவார். விழட்டும்.

ஐ.எச்.சி. போட்டால் பதில் கிடைத்துவிடாதா?

இதுதான் எம்.டி. முடித்தவர்களின் பெரிய மூடநம்பிக்கை. ஐ.எச்.சி. நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

பன்னிரண்டு வயதுப் பையனின் தொடை எலும்பில் சிறிய, உருண்டையான, நீல நிற செல்கள். சி.டி.99 என்ற மார்க்கரை (புரத அடையாளம்) போடுகிறோம். சவ்வைச் சுற்றிப் பளிச்சென்று வருகிறது. ஈவிங் என்று எழுதிவிடலாமா? லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்போமாவும் சி.டி.99-இல் அதே மாதிரி பளிச்சிடும். போதாக்குறைக்கு, லிம்போமாவுக்கு என்று நாம் நம்பியிருக்கும் எல்.சி.ஏ. மார்க்கர் அதில் சில சமயம் வரவே வராது. டி.டி.டி. என்ற ஒரு மார்க்கரைக் கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கேட்கத் தோன்ற வேண்டுமே! இரண்டுக்கும் கீமோ வேறு, காலம் வேறு, ஒன்றில் அறுவை சிகிச்சை உண்டு, இன்னொன்றில் இல்லை. கேட்கத் தோன்றுவதைத்தான் ஃபெலோஷிப் சொல்லித் தருகிறது. சந்தேகம் மிஞ்சினால் ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 மரபணு உடைந்திருக்கிறதா என்று, மரபணுவில் ஒளிரும் சாயம் ஏற்றும் பிஷ் சோதனையில் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், இருபது மார்க்கர் போடுகிற ஆட்களும் உண்டு. ஒவ்வொரு மார்க்கருக்கும் நோயாளியின் வீட்டில் யாரோ பணம் கட்டுகிறார்கள். துணுக்கும் தீர்ந்துபோகும். நுரையீரல் பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற வகைதான் என்று உறுதிப்படுத்த டி.டி.எஃப்.1, பி40 என்று இரண்டு மார்க்கர் பெரும்பாலும் போதும். மிச்சத்தை ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்1 மரபணுக்களைப் பார்க்க விட்டு வையுங்கள். மாத்திரை கிடைக்குமா என்பது அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

தப்பு செய்துவிட்டால்?

செய்வீர்கள். நானும் செய்தேன்.

நாக்கின் மேல்புறம் சின்னக் கட்டி, நாற்பது வயதுப் பெண், புகையிலைப் பழக்கம் இல்லை. மேல்தோல் கீழே விரல் விரலாக இறங்கியிருந்தது, புற்றில் வரும் கெரட்டின் முத்துகள்கூட இருந்தன. 'நன்கு வேறுபட்ட ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று டிராஃப்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கன்சல்டன்ட் ஸ்லைடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கீழே என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். கீழே, தசைநார்களுக்கிடையே, வெளிர் ரோஜா நிறத்தில் பொடிப்பொடியான செல்கள் கூட்டமாக இருந்தன. நான் அதைத் தசை என்று தாண்டிப் போயிருந்தேன். கிரானுலார் செல் டியூமர். தீங்கில்லாதது. அதன் மேலிருக்கும் தோல் புற்றுநோய் போல வேஷம் கட்டும் என்று பரீட்சையில் நான் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எஸ்100 மார்க்கர் போட்டார், சாயம் பற்றிக்கொண்டது. என் டிராஃப்ட் அப்படியே போயிருந்தால் அந்தப் பெண்ணின் பாதி நாக்கும் கழுத்துக் கணுக்களும் போயிருக்கும்.

அவர் திட்டவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து எந்த ஸ்லைடையும் மிகச் சிறிய லென்ஸில் நாலு மூலையும் பார்க்காமல் பெரிதாக்க மாட்டேன்.

நீங்கள் போகும் இடத்தில் ரிப்போர்ட்டைத் திருத்தினால் அதை வெளிப்படையாகப் பேசுகிற வழக்கம் உண்டா என்றும் விசாரியுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் திருத்திய ரிப்போர்ட்டைப் பழைய தேதியிலேயே அச்சடித்து மாற்றி வைப்பார்கள். அங்கே யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

டியூமர் போர்டில் நாம் பேச வேண்டுமா?

வேண்டும். ஆறு மாதம் கழித்து நீங்கள்தான் ஸ்லைடைக் காட்டிப் பேசுவீர்கள். சர்ஜனுக்கும் மெடிக்கல் ஆங்காலஜிஸ்ட்டுக்கும் உங்கள் செல் வர்ணனை தேவையில்லை. ஓரம் சுத்தமா, எத்தனை கணு, இந்த மருந்துக்குத் தகுதியா, அவ்வளவுதான். ரேடியாலஜிஸ்ட் "படத்தில் இது கெட்டதாகத் தெரிகிறது, உங்கள் ரிப்போர்ட் நல்லது என்கிறது" என்றால் கௌரவம் பார்க்காமல் இன்னொரு பயாப்ஸி கேளுங்கள். ஊசி கட்டியில் படாமல் பக்கத்தில் பட்டிருக்கலாம்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா?

முழு ஸ்லைடை ஸ்கேன் செய்து திரையிலேயே ரிப்போர்ட் போட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் முதல் கருவிக்கு அனுமதி தந்தது. புராஸ்டேட் பயாப்ஸியில் சந்தேகமான இடத்தைச் சுட்டிக்காட்டும் மென்பொருளுக்கு 2021-இல் கொடுத்தார்கள். எண்ணுவது, அளப்பது, விட்டுப்போனதைக் காட்டுவது இதிலெல்லாம் அது நம்மைவிடப் பொறுமைசாலி. வாளி திங்கட்கிழமை வரை ஊறியதை அது கண்டுபிடிக்காது. நான் கவலைப்படவில்லை. நீங்கள் ஸ்கேனர் இருக்கிற இடத்தில் கற்றுக்கொண்டால் லாபம்தான்.

வெளிநாட்டில் செய்தால்?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மாதிரி இடங்களில் உறுப்புவாரி ஃபெலோஷிப்கள் பல உண்டு. 1921-இல் தன் பெயரால் அறியப்படும் எலும்புக் கட்டியை விவரித்த ஜேம்ஸ் ஈவிங் இருந்த மருத்துவமனை அது. ஆனால் அமெரிக்காவில் ஃபெலோஷிப் என்பது அங்கே ரெசிடென்சி முடித்தவர்களின் அடுத்த படி. நம் எம்.டி.யோடு நேரே உள்ளே போவது அரிது, யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வும், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழும் முதல் வாசல். பிரிட்டனுக்கு எஃப்.ஆர்.சி.பாத் தேர்வு. ஒன்றிரண்டு மாதம் அப்சர்வராகப் போய் வருவது நல்ல அனுபவம்தான். அதை ஃபெலோஷிப் என்று பெயர்ப் பலகையில் எழுதிக்கொள்வதுதான் அழகில்லை.

சம்பளம்? வீடு? வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு ஓடுகிறது.

அரசு மையங்களில் சீனியர் ரெசிடென்ட் சம்பளத்தை ஒட்டி இருக்கும், தனியாரில் சில இடங்களில் குறையும். பரேல் பக்கம் வாடகை கேட்டால் தலை சுற்றும், ஹாஸ்டல் கிடைத்தால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு இடத்தில் எம்.டி. படித்தவர்கள் அரசுப் பணி ஒப்பந்தமான பாண்டின் நிலுவையையும் அசல் சான்றிதழ்களையும் முதலில் சரிசெய்யுங்கள், கடைசி நாளில் அதற்காக அலைந்தவர்கள் உண்டு. இந்தி தெரியாது என்று பயப்பட வேண்டாம். ஸ்லைடுக்கு மொழி இல்லை. டெக்னீஷியன் அண்ணன்மார்களிடம் மட்டும் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள், அவர்கள் மனசு வைத்தால் உங்கள் பிளாக் முதலில் வெட்டப்படும்.

கல்யாணப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. என் அம்மா "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?" என்றார். ஒரு வருஷம் என்றேன், இரண்டு ஆனது.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

எழுத்துத் தேர்வும் ஸ்லைடு தேர்வும் இருக்கும். ஸ்லைடு தேர்வில் பெயரைச் சரியாகச் சொல்வதைவிட, மாற்றாக என்னென்ன யோசித்தீர்கள், எந்தச் சோதனையால் பிரிப்பீர்கள் என்று எழுதுங்கள். தீசிஸ் பற்றிக் கேட்டால் நீங்களே செய்த பகுதியை மட்டும் சொல்லுங்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் இதெல்லாம் வீண்தானே? அங்கே பிஷ்ஷும் இல்லை, மரபணுச் சோதனையும் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் என்னை ஊருக்குப் போகவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள். என் லேபில் இருப்பது நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று, ஐ.எச்.சி.க்குப் பதினைந்து இருபது மார்க்கர், பொறுமையான ஒரு டெக்னீஷியன். பெரும்பாலான கேஸ்களுக்கு அது போதும். போதாதவற்றை அடையாளம் கண்டு, கெடுக்காமல் அனுப்பத் தெரிவதற்குத்தான் பெரிய இடத்துப் பயிற்சி. 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் இப்போது முன்னூறுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, கூட இருந்து படித்தவர்கள் எல்லா மூலையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மொபைலில் ஒரு படம் அனுப்பி "இது என்னடா?" என்று கேட்க ஆள் இருப்பது எந்தச் சான்றிதழிலும் எழுதாத லாபம்.

ஊரில் நான் முதலில் செய்தது, ஒவ்வொரு சர்ஜனின் அரங்குக்கும் போய் ஃபார்மலின் டப்பா கொடுத்து, எடுத்த நேரத்தை மேலே எழுதச் சொன்னது. ஒருவர் சிரித்தார். இப்போது அவரும் எழுதுகிறார்.

அனுப்பும்போது ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக்கையும் அனுப்புங்கள். எந்த பிளாக்கில் கட்டி நன்றாக இருக்கிறது என்று குறித்து, ரிப்போர்ட் நகலும் எக்ஸ்ரே விவரமும் கூட வையுங்கள். நோயாளி கையில் கொடுத்தால், வெயில் காலத்தில் காரின் டேஷ்போர்டு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பிளாக்கின் மெழுகு 56 டிகிரிக்கு மேல் இளகும். சித்திரை மாதம் மூடிய கார் அதைத் தாண்டிவிடும். ஒரு தடவை ஐந்து பிளாக்கும் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்ச் சேர்ந்தது என்று வேலூரிலிருந்து ஒரு தோழி படம் எடுத்து அனுப்பினாள்.